கமராவை விடுங்கள், கடிதத்தைப் பாருங்கள்: இங்கிலாந்தில் புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்து கார் எடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தெந்த ரோட்டில கமரா இருக்கு?" என்பதுதான். கூகுள் மேப்பே அதைச் சொல்லிவிடும். வீதியிலும் ஒளித்து வைப்பதில்லை. முன்கூட்டியே பலகை இருக்கும், பெட்டிக்கு மஞ்சள் பூசியிருக்கும். நம்மவர்கள் பலர் உண்மையில் சிக்குவது அதற்குப் பிறகு தபாலில் வரும் கடிதத்தில். 100 பவுண் தண்டத்தோடு முடிய வேண்டியது லைசன்ஸ் போகும் வரைக்கும் இழுபடுவது அங்கேதான். அதனால் கமராவைக் கொஞ்சமாகவும் கடிதத்தை நிறையவும் சொல்கிறேன்.

மோட்டர்வேயில் கண்ணில் படும் கமரா எல்லாம் தண்டம் போடுவதற்கு இல்லை. உயரமான கம்பத்தில் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பவை நஷனல் ஹைவேஸ் நிறுவனத்தின் கண்காணிப்புக் கமராக்கள். எங்கே நெரிசல், எங்கே வாகனம் பழுதாகி நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்து பார்ப்பதற்காக. உங்கள் வேகத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

வேகத்தைப் பிடிப்பதில் மூன்று வகையை அறிந்தால் போதும். சாதாரண வீதிகளில் ஓர் இடத்து வேகத்தை மட்டும் பிடிக்கும் மஞ்சள் பெட்டி. அடுத்தது, வீதி திருத்தும் இடங்களில் அடிக்கடி பார்க்கும் சராசரி வேகக் கமரா. இதில்தான் ஊர்ப் பழக்கம் காலை வாரும்: கமராவைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் அழுத்து. அது இங்கே எடுபடாது. ஒரு கமரா உங்கள் இலக்கத் தகட்டையும் நேரத்தையும் பதிகிறது, அடுத்த கமரா மறுபடி பதிகிறது. 50 மைல் எல்லை உள்ள இடத்தில் இரண்டுக்கும் நடுவே 2 மைல் என்றால், நீங்கள் 2 நிமிடம் 24 விநாடிக்கு முன்னர் அங்கே போய்ச் சேரக் கூடாது. கமராவுக்குக் கீழே எவ்வளவு மெதுவாகப் போனாலும் அந்தக் கணக்கு மாறாது.

மூன்றாவது, எம்25, எம்1, எம்6 போன்றவற்றின் சில பகுதிகளில் இருக்கும் ஸ்மார்ட் மோட்டர்வே. 2006இல் பர்மிங்ஹாம் பக்கம் எம்42இல் தொடங்கிய முறை இது. வீதிக்குக் குறுக்கே மேலே நிற்கும் இரும்புத் தாங்கியில் ஒவ்வொரு லேனுக்கும் எண் எரியும். எண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருந்தால் அதுதான் அந்த நேரத்துச் சட்டம். வளையம் இல்லாவிட்டால் அறிவுரை. வீதி வெறிச்சோடிக் கிடக்கிறதே, ஏன் 50 போட்டிருக்கிறான் என்று யோசிக்காமல் 50இல் போங்கள். இரண்டு மைல் தள்ளி என்ன கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் அந்த லேனைவிட்டு வெளியே வந்தே ஆக வேண்டும். அந்த லேனில் முன்னால் யாரோ கார் பழுதாகி நிற்கலாம், வேலையாட்கள் இறங்கியிருக்கலாம். மீறினால் 100 பவுண் தண்டமும் லைசன்ஸில் 3 தண்டப் புள்ளியும். 2019இலிருந்து இதற்கும் கமராதான் சாட்சி. உங்கள் கார் பழுதானால் செம்மஞ்சள் பூசிய அவசரத் தரிப்பிடம் வரை எப்படியாவது கொண்டுபோகப் பாருங்கள். இடப்பக்கக் கதவால் இறங்கி, தடுப்பு வேலிக்கு அப்பால் நின்று, அங்குள்ள தொலைபேசியில் பேசுங்கள். லேன் நடுவில் நின்றுபோய் இறங்குவது ஆபத்து என்றால் சீட் பெல்ட்டைக் கழற்றாமல், நான்கு பக்க விளக்கையும் போட்டுவிட்டு 999க்கு அழையுங்கள். அவர்கள் உங்கள் லேனை மூடுவார்கள்.

வேகம் இங்கே மைலில். மோட்டர்வே உச்சம் 70, அதாவது ஏறக்குறைய 112 கிலோமீற்றர். இலங்கையின் தெற்கு அதிவேகப் பாதையில் 100க்கு மேல் போகாமல் பழகியவருக்கு அது தாராளமாகத் தெரியும். லண்டன் தெருக்களின் 20 மைல்தான் கை கால் கட்டியது மாதிரி இருக்கும். வான் ஓட்டி வேலை செய்யப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: டிரான்சிட் போன்ற வானுக்கு மோட்டர்வேயில் 70தான், ஆனால் நடுவில் தடுப்பு உள்ள இரட்டைப் பாதையில் 60, தடுப்பில்லாத ஒற்றைப் பாதையில் 50. காருக்கு உள்ள எல்லை வானுக்குப் பொருந்தாது. கடைக்குச் சாமான் ஏற்றி ஓடுகிற பெடியள் பலருக்கு முதல் கடிதம் வருவதே இதனால்தான்.

"70இல 78 வரைக்கும் விடுவாங்கள்" என்று யாராவது சொல்வார்கள். அது பொலிஸ் தலைமைகளின் உள் வழிகாட்டல். சட்டப்படி 71ஏ குற்றம். அந்த இடைவெளியை நம்பி ஓட்ட வேண்டாம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். கமராவில் பட்டால், காரின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் முகவரிக்கு 14 நாளுக்குள் பொலிஸ் கடிதம் வரும். திகதி, நேரம், இடம், நீங்கள் போன வேகம், அங்குள்ள எல்லை எல்லாம் அதில் இருக்கும். கேள்வி ஒன்றுதான்: அப்போது ஓட்டியது யார்? 28 நாளுக்குள் பதில் போக வேண்டும். பதில் போனால் வேகத்தைப் பொறுத்து வேக விழிப்புணர்வு வகுப்பு, அல்லது 100 பவுணும் 3 புள்ளியும், மிக அதிக வேகம் என்றால் கோர்ட். வகுப்புக்குக் கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள். கட்டணம் உண்டு, புள்ளி இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் அந்த வாய்ப்பு.

பதில் போகாவிட்டால்? வேகத்தை விட்டுவிட்டு, ஓட்டியவரைச் சொல்லாத குற்றத்துக்கு 6 புள்ளியும் 1000 பவுண் வரை தண்டமும். அதற்கான குறியீடு எம்எஸ்90. இன்சூரன்ஸ்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ ஐந்தாறு பேர் அறை எடுத்து இருக்கும் வீடொன்றின் வாசல் கதவைத் திறந்து பாருங்கள். மிதியடிக்குப் பக்கத்தில் பீட்சா விளம்பரம், மாநகரசபைக் கடிதம், எப்போதோ இருந்து போனவர்களின் வங்கிக் கடிதம் எல்லாம் ஒரு குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியலில்தான் இந்தக் கடிதமும் கிடக்கும். வந்த புதிதில் அடிக்கடி வீடு மாறுகிறோம். பதிவுப் புத்தகம் பழைய முகவரியிலேயே இருக்கிறது. வீடு மாறினால் இரண்டையும் மாற்ற வேண்டும்: லைசன்ஸிலும் முகவரி, வி5சி என்ற பதிவுப் புத்தகத்திலும் முகவரி. இரண்டும் ஆன்லைனில், காசில்லாமல். பலர் லைசன்ஸை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கார் நண்பர் பெயரில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், அவர் பிரித்துப் பார்க்காத கடிதத்துக்கும் வழக்கு நடக்கும்.

14 நாள் கழித்து வந்த கடிதம் செல்லாது என்று குப்பையில் போடாதீர்கள். அந்தக் கணக்கு பதிவு உரிமையாளருக்குப் போகும் முதல் கடிதத்துக்கு மட்டும். வாடகைக் கார், கம்பெனி வான் என்றால் முதலில் அவர்களுக்குப் போய், பிறகுதான் உங்களுக்கு வரும்.

உங்களுக்குத் தெரியாமலே தீர்ப்பாகி, திடீரென்று தண்டம் அறவிடும் கடிதம் வந்தால் கதை முடிந்தது என்று கட்டிவிட வேண்டாம். வழக்கு நடந்தது எனக்குத் தெரியாது என்று சத்தியக் கூற்றுக் கொடுத்து வழக்கை மறுபடி திறக்கலாம். தெரிய வந்த நாளிலிருந்து 21 நாள்தான் அவகாசம். அன்றே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

அப்புறம், நம்மவர்களிடையே சாதாரணமாக நடக்கிற ஒன்று. "உனக்குப் புள்ளி ஒன்றும் இல்லைத்தானே தம்பி, உன்ர பேரைப் போடுறன்." இது உதவி இல்லை, நீதிக்கு இடையூறு செய்யும் குற்றம்; இதற்குச் சிறை. அரசியல்வாதி கிறிஸ் ஹியூன் 2003இல் எம்11இல் வேகமாகப் போனதற்கு மனைவி விக்கி பிரைஸ் புள்ளியை ஏற்றுக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 2013 மார்ச்சில், இருவருக்கும் தலா 8 மாதச் சிறை. இடையில் ஹியூன் அமைச்சராகியிருந்தார், பதவியும் போனது. அமைச்சருக்கே விட்டுக்கொடுக்காதவர்கள் அண்ணன் தம்பிக்கு விடப்போவதில்லை.

இலங்கை, இந்திய லைசன்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு தியரி, பிரக்டிகல் பாஸாகும் வரை நீங்கள் பழகுநர். தனியாக மோட்டர்வேயில் ஏறினால் இன்சூரன்ஸும் செல்லாது. ஊர் லைசன்ஸில் எப்படிப் புள்ளி போடுவார்கள் என்று சிரிக்க வேண்டாம். லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகமான டிவிஎல்ஏயில் உங்கள் பெயரில் ஒரு பதிவு திறந்து அதில் போடுவார்கள், இங்கே லைசன்ஸ் எடுக்கும்போது அது கூடவே வரும். டெஸ்ட் பாஸான முதல் 2 வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் ரத்து, திரும்பவும் தியரியிலிருந்து. மேலே சொன்ன ஒரு கடிதத்தைத் தவறவிட்டாலே 6 புள்ளி ஆகிவிடுகிறது.

கட்டண வீதிகளிலும் இதே சிக்கல்தான். லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் டார்ட்போர்ட் கடவையில் காசு வாங்கும் கூண்டு கிடையாது, தடைக் கம்பமும் கிடையாது. காலை 6 முதல் இரவு 10 வரை கடந்தால் மறுநாள் நள்ளிரவுக்குள் ஆன்லைனில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மறுபடி அந்தப் பதிவு முகவரிக்கே கடிதம். லண்டனின் பிளக்வோல், சில்வர்டவுன் சுரங்கங்களும் 2025 ஏப்ரலிலிருந்து கட்டணம்தான். அடிக்கடி போகிறவர்கள் கணக்குத் திறந்து தானாகக் கழியும்படி வைத்துவிடலாம்.

"உங்கள் தண்டம் நிலுவையில் உள்ளது, இங்கே அழுத்திக் கட்டுங்கள்" என்று ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். கமராவில் பட்டதற்கான பொலிஸ் அறிவித்தல் தபாலில்தான் வரும்.