நாளை காலைக்குள் ஒரு குட்டிக் காமராஜர்: மாறுவேடத்துக்கு வீட்டிலேயே தயாராவது எப்படி?

ஜூலை 13 ராத்திரி எட்டரை மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: "15ஆம் தேதி கல்வி வளர்ச்சி நாள். மாணவர்கள் காமராஜர் வேடமிட்டு வரவும்." நடுவில் ஒரே ஒரு நாள். காமராஜர் பிறந்த நாளை 2006 முதல் நம் பள்ளிகளில் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அந்தச் செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கும்.

பதறி வாடகைக் கடைக்கு ஓடாதீர்கள். நீங்கள் போகும்போது எல்லா அளவும் போயிருக்கும். மிச்சம் இருப்பது ராஜா வேஷமும் கேரட்டும்தான். கட்டபொம்மன் என்றால் வாடகைக்கு எடுக்கலாம். காமராஜருக்குத் தேவை வேட்டி, சட்டை, துண்டு, அவ்வளவுதான். ஊசி நூல் பிடிக்கத் தெரிந்தால் போதும், தையல் மெஷின்கூட வேண்டாம். கீழே சொல்லும் அளவுகள் 5 வயதுப் பிள்ளைக்கு.

1. முதலில் செய்தியை முழுசாகப் படியுங்கள்

வேடத்தோடு வர வேண்டுமா, பையில் கொண்டுவர வேண்டுமா? மேடையில் பேச வேண்டுமா, வரிசையில் நின்றால் போதுமா? எத்தனை மணிக்கு? இந்த மூன்றும் தெரியாமல் துணியைத் தொடாதீர்கள். குழுவில் கேட்டால் பதிலுக்குப் பதினேழு கும்பிடு வரும். மிஸ்ஸிடம் நேரில் கேட்பதே மேல்.

2. ஒரு வேட்டியில் வேட்டியும் துண்டும்

அப்பாவின் பழைய 4 முழ வேட்டி ஒன்றை எடுங்கள். சுமார் 2 மீட்டர் நீளம், 1¼ மீட்டர் அகலம் இருக்கும். கரை மெல்லியதாக இருக்கட்டும். அகலக் கரை போட்ட கட்சி வேட்டி வேண்டவே வேண்டாம். காமராஜர் வேறு கட்சிக் கரையோடு மேடையேறினால் தாத்தாக்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

நீளவாக்கில் 1¼ மீட்டர் அளந்து வெட்டுங்கள். அந்தத் துண்டை அகலத்தில் பாதியாக மடித்தால் இரண்டு கரையும் கீழே வரும், மடிப்பு இடுப்புக்கு வரும். உயரம் 60 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, பிள்ளையின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை. உள்பக்கக் கரையை ஒரு விரல் மேலே ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கரை தெரியும். கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலேயே நிற்கட்டும். நீளமாக இருந்தால் மேடைப் படியில் தடுக்கும். இடுப்பில் மடித்துக் குறைத்துக்கொள்ளலாம்.

எலாஸ்டிக் டிராயர் போட்டு, அதன் மேல் இரண்டு சுற்று சுற்றுங்கள். முன்பக்கம் ஓரம் முடியும் இடத்தில் இரண்டு விரல் நீள ஒட்டிக்கோ பட்டை (வெல்க்ரோ). சொரசொரப்பான பக்கம் உடம்பைப் பார்க்கக் கூடாது, உரசும். அதற்கு மேல் ஒரு இஞ்ச் எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்து பெல்ட் மாதிரி மாட்டி, வேட்டியின் மேல் ஓரத்தை அதன் மீது மடித்து விடுங்கள். சட்டை மறைத்துவிடும். ஊக்கு குத்தாதீர்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழும்போது திறந்துகொள்ளும்.

மீந்த முக்கால் மீட்டர் துணிதான் துண்டு. அதன் இரண்டு முனையிலும் கரை இருக்கும், கடையில் வாங்கியது போலவே தெரியும். வெட்டிய ஓரங்கள் உள்ளே போகும்படி நான்கு விரல் அகலத்துக்கு மடித்து இஸ்திரி போடுங்கள்.

3. பாத்ரூம் ஒத்திகை

இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. போன வருஷம், பையன் எல்.கே.ஜி.யில் இருந்தபோது, கழன்று விடுமோ என்று பயந்து வேட்டியை டிராயரோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். டிராயரை இறக்கினால் வேட்டியும் சேர்ந்து இறங்கியது, ஈரத் தரையில். பத்தரை மணிக்கு மேடையேற வேண்டிய காமராஜர் ஒன்பதே முக்காலுக்கு விளையாட்டு நாள் பேன்டில் நின்றார். மாற்று டிராயர் வைக்காதது என் தப்பு.

அதனால் முந்தின நாள் சாயங்காலம் முழு வேடமும் போட்டு, பாத்ரூமுக்கு ஒரு தடவை அனுப்புங்கள். வேட்டியைத் தூக்கி எலாஸ்டிக்கில் செருகு, டிராயரை இறக்கு, முடிந்ததும் வேட்டியை விடு. அவனே தனியாகச் செய்ய வேண்டும், நீங்கள் கதவுக்கு வெளியே. இரண்டு முறை செய்தால் பழகிவிடும்.

4. சட்டை

அப்பா சட்டை தொளதொளவென்று பூதம் போல இருக்கும். பத்து வயதுப் பையனின் வெள்ளை அரைக்கைச் சீருடைச் சட்டை சரியாக இருக்கும்: கை முழங்கைக்கு வரும், கீழே முழங்காலைத் தொடும். காமராஜர் போட்டதும் அப்படித் தளர்ந்த அரைக்கைச் சட்டைதான். தோள் இறங்கினால் உள்பக்கம் சின்ன மடிப்பு வைத்து ஓட்டுத் தையல் போடுங்கள், நாளைக்குப் பிரிக்க வேண்டும்.

சட்டை மஞ்சளடித்திருந்தால் அரை வாளித் தண்ணீரில் நான்கு சொட்டு நீலம் விட்டு, நன்றாகக் கலக்கிய பிறகு முக்குங்கள். நேராகத் துணியில் விழுந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். துண்டைத் தோளில் போட்டு இரண்டே இரண்டு தையல், அப்போதுதான் இழுத்துச் சுழற்ற முடியாது.

5. மீசை

பசை போட்டு ஒட்டும் மீசை வேண்டாம், மூக்கடியில் அரிக்கும். புருவப் பென்சில் போதும். இதையும் முந்தின ராத்திரி வரைந்து பாருங்கள், சிவந்தால் மீசையில்லாமலே போகலாம். பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டால் அழிந்துவிடும். நரை வேண்டுமென்று தலையில் பவுடர் கொட்டாதீர்கள், கண்ணிலும் மூக்கிலும் போகும். தண்ணீர் தொட்டுப் பின்னால் வாரிவிட்டாலே அந்த அகன்ற நெற்றி வந்துவிடும்.

6. மூன்று வாக்கியம், அதுவும் கடைசியிலிருந்து

பெரியவர்கள் எழுதித் தரும் பேச்சு ஒரு பக்கம் இருக்கும். 1903, 1954, 1963 எல்லாம் அதில் இருக்கும். குழந்தைக்கு அது வேண்டாம். நாங்கள் வைத்துக்கொண்டது:

"வணக்கம், நான் காமராஜர். என் ஊர் விருதுநகர். பிள்ளைகள் பசியோடு படிக்கக் கூடாது என்று பள்ளியிலேயே சாப்பாடு போட்டேன்."

கடைசி வாக்கியத்தை முதலில் சொல்லிக் கொடுங்கள். அது நன்றாக வந்ததும் அதற்கு முந்தியது, பிறகு முதலாவது. அப்படிச் செய்தால் பேசப் பேச நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவான். நடுவில் திக்க மாட்டான். உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைக்காமல், குளிக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் சொல்லிக்கொண்டே இருங்கள். "சாப்பாட்டுல முட்டை உண்டாம்மா?" என்று கேட்டான். முட்டையெல்லாம் பின்னால் வந்தது என்றேன். அவனுக்கு ஏமாற்றம்தான். எங்கள் வீட்டில் மூன்றும் முதலில் மனப்பாடம் ஆனது அவன் தங்கைக்கு, வயது மூன்று. மூத்தவனுக்குத் துண்டு போட்டால் அவளுக்கும் ஒன்று போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் அழுகை அவளிடமிருந்து வரும்.

7. காலையில்

சாப்பாடு முதலில், வேடம் பிறகு. இட்லிக்குச் சாம்பார் வேண்டாம், சர்க்கரை போதும். என் மாமியார் சட்டினி வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "அத்தை, இன்னைக்கு மட்டும் விட்டுருங்க" என்று கும்பிட்டேன்.

வேடம் போட்ட உடனே வீட்டு வாசலில் படம் எடுத்துவிடுங்கள். மேடையேறும்போது மீசை இருக்கும் என்று சொல்ல முடியாது. பையில் மாற்று டிராயர் இரண்டு, சாதாரண உடுப்பு ஒன்று, ஈரத் துணிக்கு ஒரு கவர். வேட்டி, துண்டின் உள்பக்கம் பெயர் எழுதுங்கள். அறையில் நாற்பது காமராஜர்கள் இருப்பார்கள், நாற்பது பேருக்கும் ஒரே வெள்ளைத் துண்டு.

வேட்டியை மடித்து வையுங்கள், பொங்கல் விழாவுக்கு ஆகும். சட்டையின் தோள் தையலை மட்டும் அன்று சாயங்காலமே பிரித்து, துவைத்துக் காயப்போடுங்கள். எங்கள் வீட்டில் அது அண்ணன் பையனின் சீருடை, அவன் மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும்.