முற்போக்குச் சீர்திருத்தமும் அமெரிக்கப் பேரரசு விரிவும்: கட்டுரையை அமைக்கும் முறை

1890களிலிருந்து முதலாம் உலகப் போர் வரையான அமெரிக்க வரலாற்றைப் பற்றி எழுதும் நம் திருகோணமலை மாணவர்கள் பலரும் விடையை இரண்டாகப் பிளந்துவிடுகிறார்கள். முதற்பாதியில் பெருநிறுவனங்களை அடக்கவும் மக்களைக் காக்கவும் முற்போக்காளர் எனப்பட்ட சீர்திருத்தவாதிகள் கொண்டுவந்த உள்நாட்டுச் சட்டங்கள் வரிசையாக வரும்; பிற்பாதியில் கியூபா, பிலிப்பைன்ஸ், பனாமா என்று வேறொரு நாட்டின் கதைபோல வெளிநாட்டுக் கொள்கை வரும். இரண்டையும் நடத்தியவர்களுள் பலர் ஒரே ஆட்கள் என்பது அதனால் மறைந்துபோகிறது. எனவே சட்டங்களை மனனம் செய்யுமுன் ஆட்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தாளை நடுவே கோடிட்டு, இடப்பக்கம் உள்நாட்டையும் வலப்பக்கம் வெளிநாட்டையும் குறித்து, ஒவ்வொரு பெயரையும் இருபுறமும் தேடுங்கள். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு இடப்பக்கத்தில் 1902இல் இரயில்வே முதலாளிகளின் கூட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கும் 1906இன் உணவு, மருந்துச் சட்டமும் வரும். வலப்பக்கத்தில், கால்வாய்க்காகப் பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிய 1903இல் துணைநின்றதும், ஒழுங்கு தவறும் அண்டை நாடுகளில் சர்வதேசக் காவலராகத் தலையிடுவோம் என்ற 1904ஆம் ஆண்டுப் பிரகடனமும் வரும். முரட்டு நிறுவனத்தை அரசு மேற்பார்வை செய்யலாம் என்றால் முரட்டு நாட்டையும் செய்யலாம் என்ற எண்ணமே இரு பக்கத்தையும் இணைக்கிறது என்பது என் கருத்து. இந்தியானா செனட்டர் அல்பர்ட் பெவரிட்ஜ் இன்னும் தெளிவான சான்று. பிலிப்பைன்ஸைக் கைவிடவே கூடாதென 1900இல் செனட்டில் முழங்கிய அவரே 1906இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தையும் முன்னின்று நடத்தினார்.

காரணங்களை எழுதும்போது, 1893இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தையும் புதிய சந்தைகளுக்கான தேடலையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கடற்படைச் சிந்தனையில் நின்று எழுதுங்கள். அதற்கு நமக்கு வசதியான உதாரணம் உண்டு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி அல்பிரட் மஹான் 1890இல் வெளியிட்ட கடலாதிக்க நூலில் நம் துறைமுகமும் வருகிறது. இந்தியப் பெருங்கடலில் சொந்தத் துறைமுகமின்றித் தவித்த பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன், 1782இல் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றியதை அவர் அதில் விரிவாக ஆராய்கிறார். பாய்மரக் காலத்திலேயே நிலைமை அப்படியென்றால், நிலக்கரி தீர்ந்தால் நின்றுவிடும் நீராவிக் கப்பல்களுக்குத் தளங்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதைச் திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஹவாயின் பேர்ள் துறைமுகம், பசிபிக் தீவான குவாம், கியூபாவின் குவாண்டனாமோ ஆகியவற்றை வரைபடத்தில் குறித்தால் காரணம் பாதி விளங்கிவிடும்.

அதிக இடத்தைப் பிலிப்பைன்ஸுக்கு ஒதுக்குங்கள். ஸ்பெயினுடன் நடந்த போரில், 1898 மே 1இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயி மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களை அழித்தார். டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கைப்படி அமெரிக்கா 2 கோடி டொலர் கொடுத்துத் தீவுகளைப் பெற்றது. 1899 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸ் விடுதலைத் தலைவர் அகினால்டோவின் படைகளுடன் போர் மூண்டது. அப்போர் ஓயுமுன்னரே, 1901இல், வில்லியம் டாஃப்ட் சிவில் ஆளுநரானார். அதே ஆண்டில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் படைக் கப்பலொன்றில் மணிலாவில் வந்திறங்கினர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளோடு இதைக் குழப்பக் கூடாது: அவை மதச் சங்கத்தின் முயற்சி, இது அரசின் திட்டம். பள்ளி, சுகாதாரம், நிர்வாக ஒழுங்கு என்ற சீர்திருத்தக் கருவிகள் அங்கே மக்களின் ஒப்புதலின்றி இயங்கின. அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைகள் புதிய ஆட்புலங்களுக்கு முழுமையாகச் செல்லா என்று உயர் நீதிமன்றமும் 1901 முதல் தீர்ப்பளித்து வந்தது.

இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுத்துவிடாதீர்கள். சிக்காகோவில் குடியேறிய ஏழைகளுக்கு உதவும் ஹல் ஹவுஸ் இல்லத்தை நிறுவிய ஜேன் ஆடம்ஸ் முன்னணிச் சீர்திருத்தவாதி. ஆனால் பேரரசு விரிவை எதிர்த்தார். ஆகவே, “முற்போக்காளர் அனைவரும்” என்று தொடங்கும் வாக்கியத்தைப் பரீட்சகர் சுழித்துவிடுவார்.

ஜனாதிபதி வூட்ரோ வில்சனைக் கடைசிப் பத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1914 ஏப்ரலில் அவருடைய படைகள் மெக்சிகோவின் வேரகுரூஸில் இறங்கின. அதே ஆண்டு ஒக்டோபரில் கூட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் கிளேட்டன் சட்டத்தில் அவர் ஒப்பமிட்டார். அடுத்த ஆண்டு ஹெய்ட்டி ஆக்கிரமிக்கப்பட்டது. நேரம் போதாவிட்டால் செனட்டர்களின் நேரடித் தேர்தல், வருமான வரி ஆகிய அரசியலமைப்புத் திருத்தங்களை ஒரே வரியில் முடித்துவிட்டு, இந்த மூன்றையும் விடாமல் எழுதுங்கள்.