மெட்ராஸ் பட்டாளத்தில் இருந்த முன்னோரைத் தேடுவது எப்படி

விக்டோரியா ராணி காலத்தில் மெட்ராஸ் பட்டாளம் பர்மா, சீனா, அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா), எகிப்து என்று பல ஊர்களுக்குக் கப்பலேறியது. தமிழர், தெலுங்கர், முஸ்லிம், கிறிஸ்தவர் என எல்லோரும் அதில் இருந்தார்கள். நிலமே இல்லாத ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களிலிருந்தும், குறிப்பாக சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படைக்கு, நிறையப் பேர் போனார்கள். பட்டாவிலோ பத்திரத்திலோ பெயர் ஏறாத அந்தக் குடும்பங்களுக்கு, முன்னோர் ஒருவரின் பெயர் எழுத்தில் கிடைக்கும் முதல் இடம் பட்டாளத்துக் காகிதமாகவே இருக்கக்கூடும். அதனால் இந்தத் தேடலைப் பொறுமையாகச் செய்வது தகும்.

பலர் முதலில் செய்வது, பெயரைத் தட்டிப் பார்ப்பது. அது பலிப்பது அரிது. சிப்பாய்க்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். ஒரே ரெஜிமென்ட்டில் பல ராமசாமிகள் இருப்பார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் 'சாமி'க்கு நடுவில் ஒரு டபிள்யூ நுழைந்திருக்கும், 'முத்து'வில் உகரம் வருமிடமெல்லாம் இரட்டை ஓ நிற்கும். ஆவணங்கள் எல்லாம் ரெஜிமென்ட் வாரியாகவே கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ரெஜிமென்ட் எண்ணை முதலில் பிடியுங்கள். அடுத்து எந்தப் போர் என்று பாருங்கள். பெயரைக் கடைசியில் தேடினால் போதும்.

தேடலில் இறங்கும் முன் காலக்கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று வைத்தால், இன்று நாற்பது வயதுக்காரருக்கு 1885 பர்மா போருக்குப் போனவர் தாத்தாவின் தாத்தா ஆவார். வீட்டில் "பர்மா சண்டைக்குப் போனார்" என்று சொல்லும் ஆள் தாத்தாவாகவே இருந்தால், அது 1942-45 போர். அதற்குத் தேட வேண்டிய இடமே வேறு. விக்டோரியா காலத்தில் மெட்ராஸ் படைகள் போன முக்கியமான போர்கள்: இரண்டாம் பர்மா போர் 1852-53, சீனா 1860, அபிசீனியா 1867-68, இரண்டாம் ஆப்கன் போர் 1878-80, எகிப்து 1882, 1885-இல் தொடங்கிப் பல ஆண்டு இழுத்த மூன்றாம் பர்மா போர்.

வீட்டில் பதக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை விபூதி போட்டோ புளி போட்டோ தேய்க்காதீர்கள். வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில்தான் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் என்ற வரிசையில் எழுத்து இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பூஜை அறையில் தேய்த்துத் தேய்த்தே பல பதக்கங்களில் அது அழிந்துபோயிற்று. இருட்டறையில் விளிம்பை மேல்நோக்கி நிறுத்தி, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படமெடுங்கள். விளக்கை நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். பதக்கத்தை ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் சுழற்றி, சுற்று முழுவதையும் எடுங்கள். மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி, மென்மையான பென்சிலைப் படுக்கைவாக்கில் லேசாகத் தேயுங்கள்.

எந்தப் போர் என்பதைப் பதக்கமே சொல்லும். சிவப்பில் இரண்டு நீலக் கோடு போட்ட ரிப்பன், பின்புறம் உட்கார்ந்த வீரனுக்கு இறக்கை உள்ள தேவதை மாலை சூட்டும் உருவம் என்றால் அது 1854-இல் தொடங்கிய இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். அது பல போர்களுக்கு வழங்கப்பட்டதால், மேலே குறுக்காக உள்ள வெள்ளிப் பட்டையைப் படியுங்கள்: 'பெகு' என்றால் 1852-53, 'பர்மா 1885-7' என்றால் மூன்றாம் பர்மா போர். ஸ்பிங்க்ஸ் உருவமும் கீழே 1882 என்ற ஆண்டும் இருந்தால் எகிப்து. அதனுடன் கிடைத்த வெண்கல நட்சத்திரம் எகிப்தின் ஆட்சியாளரான கெதீவ் கொடுத்தது. அதில் பெயர் பொறிக்கப்படவில்லை, தேடி நேரம் வீணாக்க வேண்டாம். ராணியின் முகத்தைச் சுற்றி நட்சத்திர முனைகளுக்கிடையே எழுத்துகள் உள்ள சிறிய பதக்கம் அபிசீனியாவுக்கானது. அதில் மட்டும் பெயரை விளிம்பில் தேடாமல் பின்புறத்தில் பாருங்கள்.

'பர்மா 1885-7' பதக்கம் வெண்கலத்தில் இருந்தால் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அது டூலி (காயம்பட்டோரைச் சுமக்கும் பல்லக்கு) தூக்கியவர், தண்ணீர் சுமந்தவர், வண்டி ஓட்டியவர் போன்ற பணியாளர்களுக்குக் கொடுத்தது. அவர்கள் பெயர் காலாட்படைப் பட்டியலில் இல்லாமல் போகலாம். போக்குவரத்து, மருத்துவமனைப் பிரிவுகளின் பட்டியலிலும் தேட வேண்டும்.

பதக்கம் இல்லையென்றால்? வீட்டுப் பெயரையும் தெருப் பெயரையும் கேளுங்கள். 'சுபேதார் வீடு', 'ஜமேதார் வீடு' என்பவை வெறும் பட்டப்பெயர்கள் அல்ல. அந்தப் பதவியில் இருந்தவர்கள் இந்திய அதிகாரிகள். ராணுவப் பட்டியல் நூல்களில் அவர்கள் பெயர் அச்சில் கிடைக்க வாய்ப்புண்டு. பெயருக்குப் பின் 'பகதூர்' ஒட்டியிருந்தால், 1837-இல் உண்டான 'ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' விருது பெற்றவரா என்று பாருங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் எழுதிக்கொடுத்தவரின் தகப்பனார் பெயரோடு 'பென்ஷன் சுபேதார்', 'பென்ஷன் நாயக்' என்று இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால், கண்டோன்மென்ட் ஊர்களின் தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானப் பக்கத்தில் தகப்பனின் தொழில் எழுதும் வழக்கம் இருந்தது. பல்லாவரம், வேலூர், திருச்சி, பாளையங்கோட்டை, பெங்களூர் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை.

ரெஜிமென்ட் எண் கிடைத்ததும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. 1903-இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லா எண்களையும் மாற்றினார். மெட்ராஸ் காலாட்படைக்குப் பொதுவாகப் பழைய எண்ணோடு 60 கூடியது: 3 என்பது 63 பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி ஆனது, 13 என்பது 73 கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி ஆனது. குதிரைப்படைக்கு 25 கூடியது. பெயரும் ஏமாற்றும்: பழைய 12-ஆம் மெட்ராஸ் பிற்பாடு 72-ஆம் பஞ்சாபிஸ் ஆயிற்று, 10-ஆம் மெட்ராஸின் இடத்தில் கூர்க்கா ரெஜிமென்ட்டே வந்துவிட்டது. 'பஞ்சாபிஸ்' என்று கண்டதும் நம் ஆளுக்குச் சம்பந்தமில்லை என்று மூடிவிடக் கூடாது. விளிம்பில் 'நேட்டிவ்' என்பதைக் குறிக்கும் 'N' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1885-க்கு முந்திய பெயர். அந்த ஆண்டில் அச்சொல்லை எடுத்துவிட்டார்கள். சாப்பர்ஸ் என்றால் எண்ணைவிடக் கம்பெனியின் எழுத்து முக்கியம். சிப்பாயின் எண் அந்தந்த ரெஜிமென்ட்டுக்குள் மட்டுமே செல்லும்; வேறு ரெஜிமென்ட்டில் அதே எண் இன்னொருவருக்கு இருக்கும்.

இனி பட்டியல்கள். பதக்கம் பெற்றோர் பட்டியல்கள் இரண்டு இடத்தில் உள்ளன. ஒன்று லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 100 (WO 100) வரிசை, இது ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் உண்டு. மற்றொன்று பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ள எல்/மில்/5 (L/MIL/5) வரிசை. இந்தியப் படையினருக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம். ஆன்லைனில் பெயர் தேடலில் வரவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல. போரைத் தேர்ந்து, ரெஜிமென்ட் பக்கத்துக்குப் போய், வரிவரியாகக் கண்ணால் பாருங்கள். எண்ணும் பதவியும் பொருந்தினால், எழுத்துக்கூட்டல் சற்று மாறியிருந்தாலும் ஏற்கலாம். பெயர் மட்டும் பொருந்தினால் ஏற்க வேண்டாம்.

டபிள்யூ.ஓ. 97 என்ற ஓய்வுபெற்றோர் ஆவணத்தைத் தேடச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய. அது பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கானது. 'மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்' என்ற பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அது ஐரோப்பியர் ரெஜிமென்ட்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மெட்ராஸ் அரசின் ராணுவத் துறைக் கோப்புகள் இருக்கின்றன. அடையாள அட்டையும், ஆய்வு நோக்கத்தைச் சொல்லும் கடிதமும் எடுத்துப் போங்கள். நேராகக் கோப்பு கேட்காமல், அந்த ஆண்டின் பொருளடைவுத் (இன்டெக்ஸ்) தொகுதியை வாங்கி ரெஜிமென்ட் எண், பென்ஷன் ஆகிய தலைப்புகளைப் பாருங்கள். போர் நடந்த ஆண்டோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளையும் புரட்டுங்கள்; பென்ஷன், காயம், இறப்பு பற்றிய கடிதங்கள் தாமதமாகவே வரும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில், பதிவு செய்துகொண்டால் பல கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெங்களூர் சாப்பர்ஸ் மையமும் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் படைவரலாற்றுக்கு உதவும். 1880-களின் தனிச் சிப்பாயின் கோப்பை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

வெளியூர்க் காப்பகத்துக்கு எழுதும்போது குடும்பக் கதையை எழுதாதீர்கள். எண், பதவி, கிடைத்த எழுத்துக்கூட்டல்கள் எல்லாம், ரெஜிமென்ட்டின் அன்றைய பெயர், போர், ஆண்டு, ஆவண வரிசை எண் ஆகிய ஏழையும் ஆறேழு வரியில் கொடுத்து, அந்த ரெஜிமென்ட்டின் பட்டியல் முழுவதையும் நகலெடுக்க என்ன செலவு என்று கேளுங்கள். ஒரு வரியை மட்டும் கேட்டால், பக்கத்து வரியில் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும் உங்கள் ஆள் கைநழுவிப் போவார்.