குளச்சல் போரை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன்பு ஊர் விழா மலர் ஒன்றுக்குக் குளச்சல் போரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்றைய குமரி மாவட்டக் கடற்கரை ஊரான குளச்சலில், 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சு (நெதர்லாந்து) வணிகக் கம்பெனியின் படையை மடக்கிய போர் அது. அதில் பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். "ஆசியாவிலேயே முதன்முதலாக ஐரோப்பிய வல்லரசை மண்ணைக் கவ்வவைத்த போர்", "அட்மிரல் டிலனாய் சரணடைந்தார்", "அன்றோடு டச்சுக்காரர்கள் இந்தியாவை விட்டு ஓடினார்கள்" என்றெல்லாம் எழுதியிருந்தேன். மலர் வந்த மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் ஆள் அனுப்பி வீட்டுக்குக் கூப்பிட்டார். கட்டன்சாயா கொடுத்துவிட்டு என் கட்டுரையை எடுத்து முன்னால் வைத்தார். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. "மக்ளே, உனக்காகப் புதுப் பேனா ஒண்ணு வாங்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

அன்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. பள்ளிப் போட்டிக்கோ, மலருக்கோ, யூடியூப் வீடியோவுக்கோ குளச்சல் போரை எழுதுகிறவர்கள் சறுக்குவதெல்லாம் பெரும்பாலும் ஒரே வழுக்குப் பாறையில்தான்.

ஒரு நாள் போர் இல்லை

எல்லாப் பிழைக்கும் தாய்ப்பிழை இது. 1741 ஆகஸ்டில் காலையில் தொடங்கி மாலையில் முடிந்த ஒரு மோதலாக இதைச் சொல்லிவிடுகிறோம். நடந்தது அப்படியல்ல. திருவிதாங்கூருக்கும் டச்சுக் கம்பெனிக்கும் 1739இல் மூண்ட பகை 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில்தான் அடங்கியது. அந்தப் பதினான்கு வருடத்தில் குளச்சல் ஒரு கட்டம். பெரிய கட்டம்தான், ஆனால் ஒரு கட்டம்.

சண்டை எதற்காக? மிளகுக்காக. மலைநாட்டு மிளகை மொத்தமாகத் தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது டச்சுக் கம்பெனியின் கணக்கு. அதற்குச் சின்னச் சின்ன ராஜ்ஜியங்கள் தனித்தனியாக இருப்பதுதான் வசதி. ஆளுக்கொரு ஒப்பந்தம் போட்டு விலையை அமுக்கலாம். மார்த்தாண்டவர்மாவோ 1729இல் பட்டத்துக்கு வந்ததிலிருந்து அந்த ராஜ்ஜியங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தார். போதாததற்கு அஞ்சுதெங்கில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த ஆங்கிலேயருக்கும் மிளகு போய்க்கொண்டிருந்தது. அந்தச் சின்ன ராஜ்ஜியங்களில் ஒன்றான கொட்டாரக்கரையின் விவகாரத்தில் கம்பெனி தலையிட்டதும் பகை வெளிப்படையாக வெடித்தது.

குளச்சலுக்குக் கப்பல்கள் வந்து குண்டு போட்டது 1740 நவம்பர் கடைசியில். அங்கே இறங்கிய படை உள்ளே இரணியல் பக்கம் வரை வந்து, தலைநகரான கல்குளத்தையே கலங்கவைத்தது. சரணடைந்தது மறு வருடம் ஆகஸ்டில். இடையில் எட்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இந்த எட்டு மாதத்தைக் கட்டுரையில் ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். கரையோரத்தில் குடிசை போட்டிருந்தவன் அந்த எட்டு மாதமும் எங்கே போனான், எதைத் தின்றான் என்று ஒரு வரிகூட இருக்காது. கடைசி மோதலையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். வெளியில் அணிவகுத்து மோதிய போர் என்பார் ஒருவர். முற்றுகையிடப்பட்ட டச்சுப் பாசறைக்குள் வெடிமருந்து பற்றி, அரிசி இருப்பு எரிந்துபோனதால் பணிந்தார்கள் என்பார் இன்னொருவர். இரண்டில் எதை எடுத்தாலும், எந்தப் பக்கத்து ஆவணத்தை நம்பி எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரண்டையும் கலந்து சினிமா மாதிரி ஆக்கிவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்திருந்தேன்.

"முதல்" என்ற சொல்லில் கை வைக்காதீர்கள்

"ஆசியாவிலேயே முதல்" என்ற வரியை வாத்தியார் இரண்டு முறை அடித்திருந்தார். 1662இல் தைவானில் இதே டச்சுக் கம்பெனியின் சீலாந்தியா கோட்டையைச் சீனத் தளபதி கோக்சிங்கா பிடித்துவிட்டார். அது குளச்சலுக்கு 79 வருடம் முன்பு. 1638இல் கண்டி அரசு கன்னொருவையில் போர்ச்சுகீசியப் படையை அடியோடு அழித்தது. 1650இல் ஓமானியர் மஸ்கட்டிலிருந்து போர்ச்சுகீசியரைத் துரத்தினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1571இல் கோழிக்கோட்டுச் சாமூதிரி சாலியம் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார். குளச்சலுக்கு இரண்டே வருடம் முன்பு, 1739இல், மராட்டியர் வசாய் கோட்டையைப் பிடித்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் ஊரில் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது, ஏதோ நம் வெற்றியைத் தட்டிப் பறித்த மாதிரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சிறிய அரசு, கப்பற்படை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமல், கடல் வழியாக வந்த கம்பெனிப் படையைத் தரையில் மடக்கிப் பிடித்ததற்கு "முதல்" என்ற பட்டம் எதற்கு?

டச்சு என்றால் யார்?

"டச்சு நாடு படையெடுத்தது" என்று எழுதினால் அது பாதிதான் சரி. வந்தது 1602இல் தொடங்கிய ஒரு வணிகக் கம்பெனி. பங்குதாரர்கள் ஆம்ஸ்டர்டாம் பக்கம், கிழக்கத்தியத் தலைமையிடம் ஜாவாவின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா), நமக்கு அருகிலிருந்த பெரிய அதிகாரம் கொழும்பில். சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்களில் ஜெர்மானியரும் பிரெஞ்சு தேசத்தவரும் கலந்திருந்தார்கள். அவ்வளவு ஏன், டிலனாயே இன்றைய பிரான்ஸில் இருக்கும் அராஸ் நகரில் பிறந்தவர். கூடவே லஸ்கர்கள் என்ற உள்ளூர்ப் படையாட்களும் இருந்தார்கள். திருவிதாங்கூர் வரலாற்று நூல்களில் 24 ஐரோப்பியர் பிடிபட்டதாக ஓர் எண் திரும்பத் திரும்ப வரும். அதை வைத்து "டச்சுப் படையே 24 பேர்தான்" என்று கிண்டலடிப்பவர்களும் உண்டு. அந்த எண் வெள்ளைக்காரக் கைதிகளை மட்டும் எண்ணியது. மற்றவர்களை எண்ணுவதற்கு யாரும் மெனக்கெடவில்லை.

அட்மிரல் பட்டத்துக்கு வருவோம். டிலனாய் அட்மிரல் இல்லை. கம்பெனியில் அவர் பெரிய பதவியில் இருந்த ஆளும் இல்லை. பிடிபட்ட பிறகு மன்னரிடம் சேவகத்துக்குச் சேர்ந்து, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, உதயகிரியில் பீரங்கி வார்க்க வழிசெய்து, வட்டக்கோட்டையைச் செப்பனிட்டு, படிப்படியாக உயர்ந்துதான் "வலிய கப்பித்தான்" (பெரிய கேப்டன்) ஆனார். அதாவது அந்தப் பட்டம் திருவிதாங்கூர் கொடுத்தது. 1777இல் இறக்கும்போது இருந்த பெருமையை 1741இல் கைதியாக நின்றவன் தலையில் வைத்து எழுதுகிறோம். எதிரி எவ்வளவு பெரியவனோ வெற்றியும் அவ்வளவு பெரிது என்ற ஆசைதான், வேறென்ன? பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கும் சரணடையும் ஓவியமும் இதற்கு ஒரு காரணம். படம் அழகாக இருக்கிறது, பார்க்கலாம். சாட்சியாகக் கூண்டில் ஏற்றக் கூடாது.

இன்னொரு பெயரும் தவறாக நுழையும்: வான் இம்ஹோஃப். போருக்கு முன் மார்த்தாண்டவர்மாவோடு முறைத்துக்கொண்ட கொழும்பு ஆளுநர் இவர்தான். ஆனால் 1740லேயே இலங்கையை விட்டுப் போய்விட்டார். அந்த வருடக் கடைசியில் பத்தாவியாவில் தன் மேலதிகாரியோடு சண்டை போட்டுக் கைதாகியும் இருந்தார். குளச்சலில் தோற்றது இவர் என்று எழுதினால், பாவம், அவர் அப்போது இந்தப் பக்கமே இல்லை.

ஒரே காரணம் சொல்வது

மன்னரின் வீரம் என்பார்கள் சிலர், பத்மநாப சுவாமியின் அருள் என்பார்கள் சிலர், அதிர்ஷ்டம் என்பார்கள் மற்றவர்கள். நான் ஜாவாவைப் பார்க்கச் சொல்வேன். 1740 அக்டோபரில் பத்தாவியாவில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து ஜாவாவில் மூண்ட போர் 1743 வரை ஓடியது. கம்பெனிக்கு அங்கேயே தலைக்கு மேல் வேலை. குளச்சலில் மாட்டிக்கொண்ட படைக்கு உதவி அனுப்ப ஆளும் இல்லை, கப்பலும் இல்லை.

இதோடு கடலையும் சேருங்கள். ஒருமுறை ஆடி மாதத்தில் குளச்சல் கடற்கரையில், வெற்றித்தூணுக்குக் கொஞ்ச தூரத்தில், வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். பின்னால் அலை கரையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. போர் நடந்தது இதே மாசம்தான் என்றேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தார். "இந்தக் கடல்லயா? லேய் மக்கா, இதுல வள்ளம் தள்ளவே ஆளு யோசிப்பான். பாய்க்கப்பலக் கரைக்கு எவன் கொண்டாருவான்?" என்றார். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் இந்தக் கரையை ஒட்டிப் பாய்மரக் கப்பல் நிற்பதும், ஆளையும் அரிசியையும் இறக்குவதும் எவ்வளவு பாடு என்பது அவருக்குப் புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது. எத்தனையோ கட்டுரைகளில் மாதம் இருக்கும், காற்று இருக்காது.

அதே பெரியவர்தான் துடுப்புக் கதையையும் சொன்னார். மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்களாம்; தூரத்தில் கப்பலில் இருந்தவர்கள் துப்பாக்கிப் படை என்று நம்பி மிரண்டார்களாம். இந்தக் கதையை எப்படிக் கையாள்வது? இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் கண்ணால் பார்த்த மாதிரி எழுதிவிடுகிறார்கள். சிலர் "ஆதாரம் இல்லை" என்று தூக்கி எறிந்துவிட்டு, கூடவே மீனவர்களையும் கட்டுரையிலிருந்து வெளியேற்றிவிடுகிறார்கள். நாயர் படை இருக்கிறது, மன்னர் இருக்கிறார், டிலனாய் இருக்கிறார், சண்டை நடந்த கரையில் குடியிருந்தவர்கள் மட்டும் இல்லை. கரையில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை என்று சொல்லியே எழுதலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

ஆவணங்கள் என்றாலே உண்மை என்றும் நினைக்க வேண்டாம். டச்சுக் கம்பெனியின் கடிதங்களை எழுதியவர்கள் தோல்விக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள். பழியை அடுத்தவன் மேல் தள்ளும் வேலையும் அதில் நடக்கும். திருவனந்தபுரத்து பத்மநாப சுவாமி கோயிலின் ஆவணங்களான மதிலகம் ஓலைகள் கோயிலையும் அரசையும் நடுவில் வைத்து எழுதப்பட்டவை. நாஞ்சில் நாட்டு நிலம், வரி, சாதாரணக் குடிகளின் பாடு தெரிய வேண்டுமானால் அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகள் மாதிரியானவற்றைத் தேட வேண்டும். போர்க் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஓடிவிடவில்லை

டச்சுக்காரர்கள் குளச்சலோடு மூட்டை கட்டவில்லை. கொச்சியில் 1795 வரை இருந்தார்கள், பிறகு ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். மாவேலிக்கரை உடன்படிக்கையில் கம்பெனி உள்ளூர் ராஜாக்களுக்கு ஆதரவு கொடுப்பதை விட்டது. திருவிதாங்கூர் கம்பெனிக்கு மிளகு கொடுக்கவும் கம்பெனி ஆயுதம் விற்கவும் ஒத்துக்கொண்டார்கள். பதினான்கு வருடம் அடித்துக்கொண்டவர்கள் கடைசியில் கொள்வினை கொடுப்பினைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் 1743லேயே மிளகு வியாபாரம் அரசின் ஏகபோகம் ஆகியிருந்தது. விளைவித்தவனுக்குப் பார்த்தால், விலை வைக்கிற கைதான் மாறியது.

அப்புறம் இந்தக் கேரளம் தமிழ்நாடு சண்டை. "கேரள மன்னனின் வெற்றி" என்று அந்தப் பக்கம் எழுதினால், "தமிழ் மண்ணின் வெற்றி" என்று இந்தப் பக்கம் எழுதுகிறோம். இந்த எல்லைக்கோடு 1956 நவம்பர் 1இல் போட்டது. புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டிலனாய் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள்: எழுத்து லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டில் இருந்தும் பராமரிப்பது கேரள அரசு. இதை யார் பக்கம் எழுதப் போகிறீர்கள்?

மார்த்தாண்டவர்மாவைப் பற்றி ஒன்று. அவரை மாசு மறுவற்ற நாயகனாக எழுதுகிறவர்கள், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கிறித்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளை கொல்லப்பட்டதும் இவர் ஆட்சியில்தான் என்பதை விட்டுவிடுகிறார்கள். தேவசகாயத்தைக் கிறித்தவத்துக்கு அறிமுகப்படுத்தியவர் இதே டிலனாய். வில்லனாக எழுதுகிறவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் இரண்டு மார்த்தாண்டவர்மாக்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகத் தேதி. 1741 ஆகஸ்ட் 10 என்று பெரும்பாலான நூல்களில் இருக்கும். ஜூலை 31 என்றும் பார்க்கலாம். ராணுவத்தில் குளச்சல் தினம் கொண்டாடுவது அன்றுதான். எதைப் போட்டாலும் கட்டுரை முழுக்க அதையே வைத்திருங்கள். திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் இது 916 ஆடி. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணியிலிருந்து டிசம்பர் வரையிலான நாளுக்கு 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரையிலான நாளுக்கு 825ஐயும் கூட்டினால்தான் ஆங்கில வருடம் சரியாக வரும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வந்து, விற்காமல் மிச்சமிருந்த மலர்களில் ஒட்டுவதற்குப் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்தேன். ராத்திரி பகலாக உட்கார்ந்து, பசை தடவி, எல்லாப் பிரதியிலும் ஒட்டி, முதல் பிரதியை வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கொல்லம் 917 ஆடி என்று போட்டிருந்தேன்.