கிச்சன் சிங்க்குக்கும் சமையல் மேடைக்கும் கழற்றி எடுக்கிற விரிப்பு: நாமே அளந்து வெட்டுவது எப்படி?

வாடகை வீடு, அதில் வெள்ளை மார்பிள் மேடை. இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தவர்களுக்கு இந்தப் பதிவு ரொம்பவே உதவும். எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது மேடைக் கறையைக் காட்டி அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த வீட்டுக்கு வந்ததும் பால் காய்ச்சிய கையோடு மேடைக்கும் சிங்க்குக்கும் விரிப்பு வெட்டிப் போட்டுவிட்டேன். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது எதுவும் நம் சிங்க் அளவுக்குச் சரியாக உட்காராது. வெட்டுவது சுலபம்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும், அதை விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இந்த விரிப்பை தினமும் ஒரே கையால் தூக்கி எடுக்க முடிய வேண்டும். எடுக்க முடியாத விரிப்பு, விரிப்பே இல்லாததைவிடக் கெடுதல். எந்த ஷீட், எந்த மேட் வாங்குவது, எத்தனை துண்டாக வெட்டுவது, எவ்வளவு இடைவெளி விடுவது எல்லாமே இதை வைத்துத்தான் முடிவாகிறது.

ஏன் கெடுதல்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப் பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் உள்ள குரோமியம். நல்ல சிங்க்குகளில் வரும் 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் அந்தப் படலம் தானாக மறுபடி உருவாகிவிடும். விரிப்புக்கு அடியில் உப்புத் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் காற்றும் போகாது, உப்பிலுள்ள குளோரைடும் படலத்தை அரிக்கும். பழுப்புப் புள்ளிகள் விழும், விட்டுவிட்டால் குழியாகும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் வெள்ளையாக உப்பும் படியும்.

மேடை சமாச்சாரம் வேறு. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் அதைக் கரைத்துவிடும். புளிக்கரைசல் சிந்திய இடம் பளபளப்புப் போய் மங்கலாகத் தெரிகிறதே, அது கறையே கிடையாது. கல்லின் மேல்தோல் கரைந்துபோன தடம். எந்தச் சோப்புப் போட்டாலும் போகாது, பாலிஷ் போடுகிறவரைத்தான் கூப்பிட வேண்டும். கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான், அதற்கும் இதே கதி. கிரானைட் புளிக்கு அசையாது. ஆனால் வெளிர் நிற கிரானைட் எண்ணெயை உறிஞ்சிக் கருக்கும்.

என்ன வாங்குவது

மேடைக்கு நான் போட்டிருப்பது டைனிங் டேபிள் மேல் விரிக்கும் கண்ணாடி மாதிரியான பிவிசி ஷீட். ரெக்சின் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். 1 மில்லிமீட்டருக்குக் கீழே வாங்காதீர்கள், சுருண்டுகொண்டே இருக்கும். 2 மில்லிமீட்டர் கனமாகப் படுத்துக் கிடக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடுப்புக்கு இரண்டு பக்கமும் மட்டும் சிலிகான் மேட். பிவிசி 80 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். குக்கரை இறக்கி வைத்தால் வட்டமாகத் தடம் விழும். சிலிகான் 200 டிகிரி வரை தாங்கும். அதன் மேலும் தோசைக்கல்லையோ இரும்புக் கடாயையோ நேராக வைக்காதீர்கள். பிரிமனை இருக்கவே இருக்கிறது.

சிங்க்குக்கு, அடியில் சின்னச் சின்னக் கால்களோ வரிகளோ உள்ள, நிறைய ஓட்டைகள் இருக்கும் சிலிகான் மேட். கஞ்சி வடிக்கும் வீடாக இருந்தால் சிங்க்கில் பிவிசி வேண்டவே வேண்டாம். கொதிக்கிற கஞ்சி ஊற்றினால் நெளிந்துவிடும்.

அலுமினிய ஃபாயில் ஸ்டிக்கர் என்று ரோலாக விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். புளியும் உப்பும் பட்டால் அலுமினியம் பொத்துப் போகும். பொத்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். பசை கல்லிலேயே தங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், அதைத் தூக்கிக் காயவைக்க முடியாது.

கருவிகள்: பிளேடை நீட்டி மடக்கும் கட்டர், ஸ்டீல் ஸ்கேல், மார்க்கர், பழைய செய்தித்தாள், செல்லோடேப். கத்தரிக்கோலால் தடித்த ஷீட்டை வெட்டினால் ஓரம் பல் பல்லாக வரும். கட்டருக்குப் புது பிளேடு போட்டுக்கொள்ளுங்கள், வேலை பாதியாகும்.

மேடை விரிப்பு

ஷீட் சுருட்டித்தான் வரும். அப்படியே அளந்து வெட்டினால் அளவு தவறும். மொட்டை மாடியில் வெயிலில் கொஞ்ச நேரம் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வையுங்கள். இளகிப் படிந்துவிடும். பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்து ஆறவிட்டு வெட்டுங்கள். பிளாஸ்டிக் வாடை போக ஒரு ராத்திரி காற்றாட விடுங்கள்.

எட்டடி மேடைக்கு எட்டடி ஷீட்டாக ஒரே துண்டு போட ஆசையாக இருக்கும், பார்க்கவும் அழகுதான். ஆனால் மேலே உள்ள டப்பாக்களை எல்லாம் நகர்த்தினால்தான் அதைத் தூக்க முடியும். அதனால் யாரும் தூக்க மாட்டார்கள். இரண்டு, இரண்டரை அடித் துண்டுகளாக வெட்டுங்கள். சுவர்ப் பக்கம் அரை அங்குலம் விடுங்கள். முன்பக்கம் மேடை விளிம்புக்கு அரை அங்குலம் உள்ளேயே நிறுத்துங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புடவையோ கையோ மாட்டி, மேலே இருக்கும் பாத்திரத்தோடு வரும். அடுப்பைச் சுற்றி நாலு விரற்கடை காலியாக இருக்கட்டும். அடுப்புக்கு அடியில் எதையும் விரிக்க வேண்டாம், கேஸ் டியூபையும் மூட வேண்டாம்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காதீர்கள். ஸ்கேலை அழுத்திப் பிடித்து முதலில் லேசாக ஒரு கோடு, அதே கோட்டில் இன்னும் இரண்டு மூன்று முறை. அடியில் பழைய பிளைவுட் பலகை இருக்கட்டும். மார்பிள் மேல் வைத்து வெட்டினால் நாம் காப்பாற்ற நினைத்ததையே கீறிவிடுவோம். மூலைகளை ஒரு பாட்டில் மூடி வைத்து வளைவாக வெட்டுங்கள். கூர் மூலைதான் முதலில் சுருளும்.

சிங்க் விரிப்பு: இங்கேதான் நிதானம்

சிங்க்கின் மேல் வாயை அளந்து வெட்டினால் நிச்சயம் தப்பாக வரும். 24க்கு 18 அங்குலம் என்று கடைக்காரர் சொல்வது வெளி அளவு. பக்கச் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்து வரும், மூலைகள் உருண்டிருக்கும், அடிப்பாகமும் தண்ணீர் போகும் துளையை நோக்கிச் சரிந்திருக்கும். நமக்கு வேண்டியது அடித்தளத்தின் அளவு. அதை டேப்பால் சரியாக எடுக்க முடியாது, காகிதத்தில்தான் எடுக்க வேண்டும்.

சிங்க்கை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். செய்தித்தாளில் இரண்டு தாள்களை உள்ளே வையுங்கள், ஒன்று இடது சுவரை ஒட்டி, இன்னொன்று வலது சுவரை ஒட்டி. நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும், அந்த இடத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். இப்போது கட்டைவிரல் நகத்தால், சுவரும் அடித்தளமும் சேரும் வளைவை ஒட்டிக் கீறிக்கொண்டே போங்கள். தாளில் மடிப்புக் கோடு விழும். மூலைகளில் தாள் மடங்கி உப்பும், அங்கே ஒரு வெட்டு கொடுத்துவிட்டு அழுத்துங்கள். துளை இருக்கும் இடத்திலும் ஜாலியின் (துளையில் உட்காரும் சல்லடையின்) விளிம்பைச் சுற்றி அதேபோல் நகத்தால் கீறுங்கள்.

தாளை வெளியே எடுப்பதற்கு முன், சிங்க்குக்குள் இருக்கும்போதே, அதன் மேல் பெரிதாக “மேல்” என்று எழுதுங்கள். குழாய் இருக்கும் பக்கம் “குழாய்” என்று எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் மேட் வீணாகப் போவது உறுதி. மேட்டின் மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அடிப்பக்கம் வைத்துக் கோடு போடத்தான் கை போகும். அடிப்பக்கத்தில் வரைகிறோம் என்றால் தாளையும் கவிழ்த்து, “மேல்” என்ற எழுத்து மேட்டைப் பார்த்து இருக்கும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துளை இடவலமாக மாறிவிடும். துளை நட்டநடுவே உள்ள சிங்க் என்றால் தப்பித்தீர்கள். பின்மூலையில் துளை உள்ள சிங்க்குகளில் மொத்த மேட்டும் போச்சு.

கோடு போட்ட பிறகு சுற்றிலும் கால் அங்குலம் குறைத்து வெட்டுங்கள். சுவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் விரலை நுழைத்துத் தூக்க இடம் இருக்காது. துளைக்கு மட்டும் நேர்மாறு. ஜாலி விளிம்பைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். ஜாலியைத் தனியாக எடுக்கவும் வேண்டும், பருக்கையும் கருவேப்பிலையும் மேட் ஓரத்தில் மாட்டிக்கொள்ளவும் கூடாது. வட்டம் போட ஒரு டம்ளரோ டவராவோ கவிழ்த்தால் போதும்.

ஓட்டை இல்லாத மேட்தான் கிடைத்தது என்றால், ஓட்டைகளை நாமே போடலாம். பெல்ட்டில் ஓட்டை போடும் பஞ்ச் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இரண்டு விரற்கடைக்கு ஒன்றாகப் போடுங்கள். அடியில் வரிகள் இருந்தால் அவை துளையை நோக்கி ஓடும்படி மேட்டைத் திருப்பி வைத்து வெட்டுங்கள். குறுக்கே இருந்தால் ஒவ்வொரு வரியும் ஒரு சின்ன அணைக்கட்டு.

உள்ளே போட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேட்டைத் தூக்கினால் அடியில் ஈரம் இருக்கலாம், குட்டை இருக்கக் கூடாது.

தினப்படி

ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் சிங்க் மேட்டை அலசி, குழாய் மேலேயோ கம்பியிலேயோ தொங்கவிடுங்கள். சிங்க்கை ஒரு துணியால் துடையுங்கள். மேடை ஷீட்டுகளை ஒரு பக்கம் தூக்கி அடியில் துடைத்துவிட்டுப் போட்டால் போதும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் மேட்டை ஊறவைத்தால் நன்றாக அலசாமல் சிங்க்கில் போடாதீர்கள், அதிலும் குளோரின் சமாச்சாரம்தான்.

மஞ்சள் கறைக்கு முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் தேயுங்கள், அப்புறம்தான் சோப்பு. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மிச்சம் இருப்பது வெயில் பட்டால் வெளுக்கும். சிலிகானை வெயிலில் போடலாம். பிவிசியை மணிக்கணக்கில் போட்டால் அதுவே மஞ்சளாகிவிடும்.

பிற்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது கரப்பான் பூச்சி பற்றி. உண்மைதான், ஈரமும் இருட்டும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்தால் அது குடிவந்துவிடும். ராத்திரி மேட்டைத் தொங்கவிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மேடையில் ஷீட்டின் ஓரம் சுவரோடு ஒட்டி மேலே ஏறியிருந்தால் அந்த மடிப்பில்தான் ஒளியும். அந்த அரை அங்குல இடைவெளியைக் கட்டாயம் விடுங்கள்.

சிலிகான் மேட்டில் சோப்பு வாசனையும் மீன் வாடையும் தங்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அகலமான பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், குறைந்துவிடும். போர் தண்ணீர் உப்புப் படிந்திருந்தால் வினிகரில் ஊறவைக்கலாம், ஆனால் பக்கெட்டில். மார்பிள் மேடை மேல் வைத்து வினிகர் ஊற்றினால் புளி செய்கிற அதே வேலையை வினிகரும் செய்யும்.

மிக்சியை விரிப்பு மேல் வைக்கலாமா? பிவிசி ஷீட் நன்றாகப் படிந்திருந்தால் வைக்கலாம், சத்தமும் கொஞ்சம் குறையும். பஞ்சு போன்ற மெத்து மேட் மேல் வேண்டாம். மோட்டாருக்கான காற்று அடிப்பக்க ஓட்டைகள் வழியாகப் போகிறது. மிக்சியின் கால்கள் மெத்தில் புதைந்தால் அந்த ஓட்டைகள் அடைபட்டு மோட்டார் சூடாகும். அடியில் ரப்பர் கப் வைத்து மேடையைக் கவ்விப் பிடிக்கும் தேங்காய்த் துருவி இருந்தால், அதற்கு மட்டும் ஷீட்டைத் தூக்கிவிட்டு வெறும் கல்லின் மேல் வையுங்கள். வரி வரியான சிலிகான் மேட் மேல் அது கவ்வவே கவ்வாது. வழவழப்பான பிவிசி மேல் கவ்வும், ஆனால் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஷீட்டோடு சேர்ந்தே நகரும்.