ஊசி குத்திவிட்டால் முதலில் மணியைப் பாருங்கள்

நைட் டூட்டியில் ரத்தம் எடுத்துவிட்டு, அதே ஊசிக்கு மூடி போடப் போய் இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டவள் நான். விரலைப் பிதுக்கினேன், ஸ்பிரிட்டை ஊற்றினேன், விடியும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றும் தப்பு. அன்று ஹெச்ஐவி கிருமியைவிட இன்சார்ஜ் சிஸ்டரின் திட்டுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

புதிதாக வார்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இது. கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம். தோல் புண்ணாவதுதான் மிச்சம். கண்ணில் ரத்தம் தெறித்தால் தண்ணீரோ சலைனோ விட்டு நன்றாகக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் அதோடு கழுவிவிட்டு, கழற்றியபின் மறுபடி கழுவுங்கள்.

சரி, அப்புறம் கடிகாரம். குத்திய நேரத்தை எழுதிக்கொண்டு டூட்டி டாக்டரை எழுப்புங்கள், தூங்கினாலும் பரவாயில்லை. ஹெச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் கொடுக்க மாட்டார்கள். நோயாளியின் ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். முதல் மாத்திரை போட்டபின், தேவையில்லை என்றால் டாக்டரே நிறுத்தச் சொல்வார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்றாக 28 நாள். நம்மில் பலர் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை போடுகிறவர்கள். அவை டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இந்த மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போடுங்கள். நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட்டுக்கும் இதே கணக்குதான்.

ஹெச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மருந்தே எடுக்காவிட்டாலும், தொற்றும் வாய்ப்பு சுமார் 1,000-க்கு மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுவதோ 100-க்கு 30 வரை போகலாம். ஹெச்ஐவி என்றதும் அழுகிற பிள்ளைகளிடம், "ஹெபடைடிஸ் ஊசி மூன்று டோஸும் முடித்தாயா?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

உங்களுக்கு ரத்தப் பரிசோதனை அன்றே ஒன்று, பிறகு ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம். அதுவரை ஆணுறை அவசியம், ரத்த தானம் கூடாது. நோயாளியின் ரத்தத்தை அவர் சம்மதமில்லாமல் ஹெச்ஐவிக்குச் சோதிக்க 2017-ஆம் ஆண்டு ஹெச்ஐவி சட்டம் இடம் தராது. ஆனால் உங்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கும் பொறுப்பை மருத்துவமனைமேல் வைப்பதும் அதே சட்டம்தான். ஆகவே கெஞ்சாமல் கேளுங்கள். கூட வேலை செய்பவருக்கு ஹெச்ஐவி என்றால் டம்ளரைத் தனியே வைப்பவர்களும் உண்டு. டம்ளராலும் கழிப்பறையாலும் ஒருவருக்கும் வராது.

எனக்கு எல்லா ரிசல்ட்டும் நெகட்டிவ். அதன்பின் நான் எந்த ஊசிக்கும் மூடி போட்டதில்லை. ஊசி கட்டரில் வெட்டி நேராக ஊசிக்கென்றே உள்ள வெள்ளை டப்பாதான். பஞ்சோடு சுருட்டி மஞ்சள் பையில் எறிகிறவர்களைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. காலையில் அந்தப் பையைத் தூக்கும் ஆயாம்மாவின் காலில் குத்தினால், அது எந்த நோயாளியின் ஊசி என்றுகூட யாராலும் சொல்ல முடியாது.