நன்றி ஜெபத்தில் நாம் செய்யும் தவறுகள்

பரிசேயனும் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபிக்கப் போனதாக இயேசு சொன்ன கதையைப் பெருமைக்கு உதாரணமாகவே கேட்டுப் பழகிவிட்டோம். லூக்கா 18-ஐ எடுத்து அந்தப் பரிசேயனின் ஜெபத்தை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் அவன் எதையும் கேட்கவில்லை. முழுக்க முழுக்க நன்றி ஜெபம். "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் என்று பட்டியலும் போடுகிறான். கடைசியில் நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன் அவனல்ல, மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரன்தான்.

ஆக, ஸ்தோத்திரம் சொல்லியும் தவறலாம். நன்றி மறப்பதைக் கண்டித்து எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. சொல்கிற நன்றி எப்படிக் கோணலாகிப் போகிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், பெரும்பாலான கோணல்களுக்கு மூலம் ஒன்றுதான்: உள்ளதை உள்ளபடி தேவனிடம் சொல்லாமல் இருப்பது.

அடுத்தவர் இழப்பைக் காட்டி நன்றி சொல்வது

பரிசேயனின் ஜெபத்தை நாம் அப்படியே சொல்வதில்லை, கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறோம். "எத்தனையோ பேர் வேலை இல்லாமல் அலைகிறார்கள், எனக்கு வேலை தந்தீரே." "எத்தனையோ பேர் இந்த வருஷத்தைக் காணாமல் போய்விட்டார்கள், எங்களை நிறுத்தி வைத்தீரே." கேட்கத் தாழ்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் சபையில் ஒருவர் எழுந்து, விபத்தில் தப்பியதைச் சாட்சி சொல்கிறார் என்று வையுங்கள். "பக்கத்து இருக்கையில் இருந்தவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். கர்த்தர் என்னை நேசித்தபடியால் ஒரு கீறல்கூட இல்லாமல் காப்பாற்றினார்" என்று முடிக்கிறார். எல்லாரும் அல்லேலூயா சொல்கிறார்கள். மூன்றாவது வரிசையில், இதேபோல ஒரு விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் தலையைக் குனிந்துகொள்கிறார். அப்படியானால் அவர் மகனைக் கர்த்தர் நேசிக்கவில்லையா? சாட்சி சொன்னவர் அப்படி நினைத்தே பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னதற்கு அர்த்தம் அதுதான்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளென்று நினைக்கிறீர்களோ என்று கேட்டவர் இயேசு. "அப்படியல்ல" என்று பதிலும் அவரே சொன்னார் (லூக்கா 13:4, 5). தப்பியதற்கு நன்றி சொல்ல வேண்டும், சந்தேகமில்லை. "ஆண்டவரே, என்னைக் காத்தீர், ஸ்தோத்திரம்" என்பதே போதும். நான் ஏன் பிழைத்தேன், அவர் ஏன் பிழைக்கவில்லை என்பது நமக்குத் தெரியாது. தெரியாததை ஜெபத்தில் தெரிந்ததுபோல் சொல்ல வேண்டாம். இறந்தவருடைய குடும்பத்துக்காக இரண்டு வரி சேர்த்து ஜெபித்தால் இன்னும் நல்லது.

அழவேண்டிய நேரத்தில் ஸ்தோத்திரத்தைத் திணிப்பது

துக்க வீட்டுக்குள் நுழைந்த கையோடு "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. 1 தெசலோனிக்கேயர் 5:18-தான், மறுக்க முடியாது. ஆனால் அதே அதிகாரத்தில், நான்கு வசனங்களுக்கு முன்னால், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள் என்றும் எழுதியிருக்கிறது. அதை முதலில் செய்துவிட்டு 18-க்கு வரலாமே.

பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவைத்தான் அதிகமாக இழுப்பார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." இது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அப்புறம் அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு வழக்காடுகிறார். நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. முடிவில் தேவன் அந்த நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபுவைப்போல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். புலம்பியவன் பக்கம்தான் தீர்ப்பு.

இயேசுவின் சிநேகிதனாகிய லாசருவின் கல்லறைக்கு வாருங்கள். யோவான் 11:35-இல் இயேசு கண்ணீர் விடுகிறார். ஆறு வசனம் கழித்து, 41-இல், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். கண்ணீர், அப்புறம் ஸ்தோத்திரம். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அவர் அழுகையைத் தாண்டிக் குதிக்கவில்லை.

மனசு உடைந்து கிடக்கும்போது என்ன ஜெபிப்பது என்று தெரியாவிட்டால் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு ஆரம்பித்து, கர்த்தரைப் பாடுவேன் என்று முடியும். அந்தக் கடைசி வசனத்துக்கு இன்று வரமுடியவில்லையா? 88-ஆம் சங்கீதம் அப்படியொரு நல்ல முடிவு இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிற ஜெபம்தான்.

தேதியில்லாத நன்றி

"இம்மட்டும் காத்து வந்தீரே, கண்ணின் மணிபோலப் பாதுகாத்தீரே, போக்கிலும் வரத்திலும் கூட இருந்தீரே, ஸ்தோத்திரம்." குடும்ப ஜெபத்தில் இப்படி மூச்சு விடாமல் சொல்லிவிடலாம். ஒவ்வொரு சொல்லும் வேதத்திலிருந்து வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால், இந்த ஜெபத்தை ஜனவரி 1 அன்றும் சொல்லலாம், ஜூலை 14 அன்றும் சொல்லலாம், ஓர் எழுத்து மாற்ற வேண்டாம். அன்றைக்கு நடந்தது எதுவுமே அதில் இல்லை. பிள்ளைக்கு மூன்று நாளாக அடித்த காய்ச்சல் மத்தியானம் விட்டது. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான். கோபத்தில் அலைபேசியில் அடித்து வைத்திருந்த பதிலை அனுப்பாமல் அழித்துவிட்டீர்கள். இதெல்லாம் ஜெபத்துக்குள் வரவேண்டும்.

103-ஆம் சங்கீதம் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சொல்லிவிட்டு அதோடு விடவில்லை. அக்கிரமங்களை மன்னித்து, நோய்களைக் குணமாக்கி என்று அடுத்த வசனத்திலேயே எண்ண ஆரம்பிக்கிறது. இரவில் மூன்று காரியங்களை நோட்டில் எழுதும் பழக்கம் இதற்கு உதவும். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டாம் வாரத்தில் "குடும்பம், சுகம், வேலை" என்று மூன்று வார்த்தையாகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கினால் மூன்றை ஒன்றாகக் குறையுங்கள், அந்த ஒன்றை விவரமாக எழுதுங்கள்.

தேவனுக்கு நன்றி, சமைத்தவருக்கு இல்லை

கண்மூடிச் சாப்பாட்டுக்காக ஜெபம். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் "உப்பு போடலையா?" இதை வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டால் மனிதருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று பல விசுவாசிகள் உண்மையிலேயே நம்புகிறார்கள். "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்ற வாக்கியம் சில நேரம் எதிரில் நிற்பவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நழுவப் பயன்படுகிறது.

பவுல் அப்படி நழுவவில்லை. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று ரோமர் 16-இல் பேர் சொல்லி எழுதி, தான் மட்டுமல்ல, புறஜாதியாரில் உண்டான சபையார் எல்லாருமே அவர்களுக்கு நன்றியறிதலுள்ளவர்கள் என்கிறார். பிலிப்பியர் நிருபத்திலும், சிறையிலிருந்து, எப்பாப்பிரோதீத்து கையில் வந்து சேர்ந்த உதவிக்கு நன்றி எழுதுகிறார். இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொண்ட செவிலியரிடம் போய் ஒரு வார்த்தை சொல்வதால் கர்த்தருடைய மகிமை குறைந்துவிடாது.

சாவி மாதிரி பயன்படுத்துவது

"ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டே இரு, அடைத்த கதவு திறக்கும்" என்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்குவதற்காகச் சொல்லும் நன்றி வேறொரு விதமான விண்ணப்பம், அவ்வளவுதான். விண்ணப்பத்தை விண்ணப்பமாகவே கேட்கலாம், அதில் வெட்கம் இல்லை. "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று கேட்டவன் சாத்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனசு வரட்டும் என்று காத்திருப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. "மனசில் இல்லாமல் வாயால் சொன்னால் மாய்மாலம்தானே?" என்று ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள். உணர்வு இல்லை என்பதை மறைத்தால்தான் மாய்மாலம். 42-ஆம் சங்கீதக்காரன் தன் ஆத்துமாவைப் பார்த்து ஏன் கலங்குகிறாய் என்று கேட்டுவிட்டு, "நான் இன்னும் அவரைத் துதிப்பேன்" என்கிறான். இப்போது துதித்துக்கொண்டிருப்பதாக நடிக்கவில்லை. தானியேலோ, ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்பவன் சிங்கக் கெபியில் போடப்படுவான் என்ற கட்டளைக்குக் கையெழுத்தாகிவிட்டது தெரிந்தும், முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் செலுத்தினார். அன்றைக்கு அவருக்கு மனசு எப்படி இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. பழக்கம் இருந்தது.

பதில் வந்ததும் மறைந்துவிடுவது

இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் (லூக்கா 17) நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரும் சொல்கேளாதவர்கள் அல்ல. ஆசாரியர்களிடம் போய்க் காண்பியுங்கள் என்று இயேசு சொன்னார், போனார்கள். அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்தவன் ஒரு சமாரியன்.

லேவியராகமம் 7-இல் ஒரு விதி உண்டு. பொருத்தனைப் பலியின், அதாவது நேர்ந்துகொண்டதைச் செலுத்தும் பலியின், மாம்சத்தை மறுநாளும் புசிக்கலாம். ஸ்தோத்திரபலியின் மாம்சத்தையோ அன்றைக்கே புசித்துவிட வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. காரணம் அங்கே சொல்லப்படவில்லை. ஆனால் ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் ஒரு வீட்டார் தின்று தீர்ப்பது கஷ்டம்; நாலு பேரைக் கூப்பிடத்தான் வேண்டியிருக்கும். கூப்பிட்டால், எதற்கு விருந்து என்று சொல்லத்தான் வேண்டும்.

நம்முடைய வாட்ஸ்அப் ஜெபக் குழுக்களைப் பாருங்கள். "அப்பாவுக்கு நாளை அறுவைச் சிகிச்சை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று செய்தி வருகிறது. கூப்பிய கைகள் வரிசையாக விழுகின்றன. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து நடக்க ஆரம்பித்தாரா என்பது யாருக்கும் தெரியாது. அன்று இரவே இரண்டு வரி எழுதிவிடுங்கள். கேட்டபடி நடக்காமல் போயிருந்தாலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குழுவில் யாராவது ஒரு வயதான அம்மா, ஆறு மாதம் கழித்தும், அதே அறுவைச் சிகிச்சைக்காக ஜெபித்துக்கொண்டிருப்பார்.